வீட்டு ஜெபத்துக்கு எந்தத் தமிழ் பைபிள் வாங்கலாம்?

தமிழ் பைபிள் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் தடவிப் பார்ப்பது அட்டையைத்தான். தோல் மாதிரி இருக்கிறதா, ஜிப் உண்டா, தாள் ஓரம் தங்கமா வெள்ளியா என்று பார்த்துவிட்டு பில் போடச் சொல்லிவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் எழுத்து பொடியாக இருப்பதும், மடியில் வைத்தால் தானாக மூடிக்கொள்வதும், பின்பக்க எழுத்து முன்பக்கம் தெரிவதும் கண்ணில் படும். அந்த பைபிள் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கையில் எடுத்துப் போக மட்டும் பயன்படும். வீட்டில் யாரும் திறக்க மாட்டார்கள்.

இங்கே எழுதுவது ஒரே ஒரு உபயோகத்தை மனதில் வைத்து: தினமும் சாயங்காலமோ இரவோ வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து சத்தமாக வாசிக்கிற குடும்ப ஜெபம். விசுவாசம் கேள்வியினாலே, அதாவது காதால் கேட்பதாலே, வரும் என்று ரோமர் 10:17 சொல்கிறது. அதனால் வாசிக்கிறவர் தடுமாறாமல் வாசிக்க வேண்டும், கேட்கிறவர்களுக்குப் புரிய வேண்டும். ஒரு பைபிளை மதிப்பிட இந்த அளவுகோல் போதும். வீட்டில் கண் மங்கிய பாட்டியும், எழுத்துக்கூட்டி வாசிக்கிற மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் எதை எடுத்து வாசிக்க முடிகிறதோ அதை வாங்குங்கள். மற்ற வசதிகளெல்லாம் அதற்குப் பிறகு.

எழுத்திலிருந்து தொடங்குவோம். பாக்கெட் சைஸ் பைபிள்கள் பெரும்பாலும் 7 அல்லது 8 பாயின்ட் எழுத்தில் வருகின்றன. பயணத்துக்குச் சரி, குடும்ப ஜெபத்துக்கு ஆகாது. ஆங்கிலத்தில் 8 பாயின்ட்டைச் சமாளிக்கிறவர்கள்கூட தமிழில் திணறுவார்கள். தமிழ் எழுத்துக்கு மேலே புள்ளியும் சுழியும், கீழே உகரக் கொக்கியும் இருப்பதால், அதே பாயின்ட்டில் எழுத்தின் உடல் சின்னதாகிவிடும். நடுத்தர சைஸில் 9, 10 பாயின்ட் கிடைக்கும். நாற்பது வயதைத் தாண்டியவர் வாசிப்பதாக இருந்தால் குறைந்தது 10, அறுபதைத் தாண்டியிருந்தால் 12-க்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் ‘பெரிய எழுத்து’ என்று போட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. ஒவ்வொரு பதிப்பகமும் ஒவ்வொரு அளவைப் பெரிய எழுத்து என்று சொல்கிறது.

கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். சங்கீதம் 119-ஐத் திறந்து, கண்ணிலிருந்து சுமார் 40 செ.மீ. தள்ளிப் பிடியுங்கள். பக்கத்தின் நடுவை விட்டுவிட்டு, அடி வரிகளையும் முதுகுக்குப் பக்கத்தில் உள்ள வரிகளையும் வாசியுங்கள். ‘அவன்’, ‘அவள்’, ‘அவர்’ மூன்றும் சட்டென்று வேறுவேறாகத் தெரிகின்றனவா? புள்ளிகள் எல்லாம் விழுந்திருக்கின்றனவா? மை குறைந்த அச்சில் முதலில் காணாமல் போவது புள்ளிதான். மை கூடிப்போனால் ற, ன, ண ஆகியவற்றின் உள்வளைவு அடைத்துக்கொண்டு எல்லாம் ஒரே கறுப்பாகத் தெரியும். ஒரே பதிப்பில்கூட அச்சுக்கு அச்சு இது மாறும். அதனால் மேலே இருக்கிற பிரதியை எடுக்காமல், இரண்டு மூன்று பிரதிகளில் ஒரே பக்கத்தைத் திறந்து ஒப்பிட்டுப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, இருபது வருஷம் வாசிக்கப் போகிற புத்தகம்.

அடுத்தது தாள். அச்சு எடுக்கிற சாதாரணத் தாள் 70 முதல் 80 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) இருக்கும். பைபிள் தாள் ஏறக்குறைய 28-லிருந்து 40 வரை. ஆயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்களை ஒரே கட்டில் அடக்க வேறு வழியில்லை. தமிழில் பைபிள் அச்சாகத் தொடங்கிய நாளிலிருந்தே எழுத்தின் அளவும் தாளின் அளவும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருக்கின்றன. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713-ல் தரங்கம்பாடிக்கு வந்தபோது அவை பெரிதாக இருந்தன. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் மொழிபெயர்த்த புதிய ஏற்பாட்டை அந்த எழுத்தில் அச்சிட்டால் தாள் கட்டுப்படியாகாது என்று, அங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். பக்கத்தில் பொறையாறில் காகித ஆலையும் அமைத்தார்கள். 1715-ல் புதிய ஏற்பாடு முழுதாக அச்சேறியது. இன்றைக்குக் கடையில் 8 பாயின்ட்டா 12 பாயின்ட்டா என்று நாம் யோசிப்பதும் அதே கணக்குதான்: எழுத்து பெரிதானால் எடை கூடும், விலை கூடும்.

மெல்லிய தாளில் பார்க்க வேண்டியது பின்பக்க எழுத்து எவ்வளவு தெரிகிறது என்பது. ஏதாவது ஒரு புத்தகம் முடிகிற பக்கத்தில் பாதி வெறுமையாக இருக்கும். அந்த வெற்றிடத்தில் மறுபக்க எழுத்தை வாசிக்கிற அளவுக்குத் தெரிந்தால் அந்தப் பிரதியை வைத்துவிடுங்கள். நிழல் மாதிரி மங்கலாகத் தெரிந்தால் சரி. இன்னொன்று, முன்பக்க வரிகளும் பின்பக்க வரிகளும் நேருக்கு நேர் விழும்படி அச்சிட்டிருந்தால் தொந்தரவு பாதியாகக் குறையும். வரிகளுக்கு இடைவெளியில் பின்பக்க வரி வந்து உட்கார்ந்தால்தான் கண் வலிக்கும். ஏற்கெனவே வாங்கிவிட்ட பைபிள் இப்படி இருந்தால், வாசிக்கிற தாளுக்கு அடியில் ஒரு கறுப்புத் தாளை வைத்துப் பாருங்கள். பக்கம் கொஞ்சம் மங்கலாகும், ஆனால் பின்பக்க எழுத்து அடங்கிவிடும்.

மூன்றாவது பைண்டிங். இந்த விஷயத்தில் சமரசம் வேண்டாம். புத்தகத்தை மூடி, முதுகின் மேல்முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். தாள்கள் சின்னச் சின்னக் கட்டுகளாக, ஒவ்வொன்றும் மடிந்து வளைந்து தெரிந்தால் அது ஃபாரம் ஃபாரமாக, அதாவது மடித்த கட்டு கட்டாக, நூலில் தைத்த பைண்டிங். ஒரு கட்டின் நடுப்பக்கத்தைத் திறந்தால் நூல் தெரியும். கட்டே தெரியாமல் எல்லாத் தாளும் தனித்தனியாகப் பசைக்குள் முடிந்தால் அது ஒட்டு பைண்டிங். புதிதில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். தினமும் திறந்து மூடினால் ஒட்டு பைண்டிங் முதலில் சங்கீதத்துக்கு நடுவில் பிளக்கும். ஏனென்றால் அது புத்தகத்தின் நடுப்பகுதி, அதிகம் திறக்கிற இடமும் அதுவே. நம் ஊர் வெயிலில் பசை காய்ந்து கடினமாகிவிட்டால் தாள் தாளாக உதிரத் தொடங்கும்.

தைத்த பைண்டிங்கிலும் ஒரு சோதனை உண்டு. ஆதியாகமம் 1-ஐத் திறந்து மேசைமேல் வைத்துக் கையை எடுங்கள். பிறகு வெளிப்படுத்தின விசேஷம் 22-ஐத் திறந்து வையுங்கள். இரண்டு இடத்திலும் பக்கம் தானாக மூடாமல் நின்றால் நல்லது. புதுப் புத்தகம் கொஞ்சம் விறைப்பாக இருக்கும், அதைப் பழக்க வேண்டியது நம் வேலை. முதுகை மேசையில் நிறுத்தி, முன் அட்டையை மட்டும் கீழே சாயுங்கள். பிறகு பின் அட்டையை. பிறகு முன்னாலிருந்து ஒரு இருபது முப்பது தாள், பின்னாலிருந்து இருபது முப்பது தாள் என்று மாறி மாறிச் சாய்த்து, ஒவ்வொரு முறையும் முதுகை ஒட்டி விரலால் மெதுவாக நீவிவிடுங்கள். நடுவுக்கு வந்து சேரும்போது முதுகு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தளர்ந்திருக்கும். வாங்கிய அன்றே நடுவில் படாரென்று விரித்தால் அந்த இடத்தில் நிரந்தரமாக ஒரு முறிவு விழும். ஓரத்தில் தங்க முலாம் பூசிய பைபிளில் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். இழுத்துப் பிரித்தால் கிழியும். கட்டாகப் பிடித்து முன்னும் பின்னும் லேசாக வளைத்தால் தானாகப் பிரியும்.

அட்டையைப் பற்றிக் கொஞ்சம். சாதாரண ரெக்சின் அட்டை பார்வைக்கு எளிமையாக இருந்தாலும் நன்றாக உழைக்கும். தோல் மாதிரி மெத்தென்று இருக்கிற பியு அட்டைகள் ஈரப்பதத்தில் சில வருஷங்களில் மேல்தோல் உரிந்து, கையிலும் வேட்டியிலும் ஒட்டும். கடற்கரை ஊர்களில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். ஜிப் அட்டை பைக்குள் வைத்து எடுத்துப் போகிறவர்களுக்கு வசதி. ஆனால் வீட்டு ஜெபத்தில் ஜிப் ஓரம் மேடாக நிற்பதால் பக்கம் தட்டையாக விழாது. பிள்ளைகள் இழுத்து மூடும்போது தாள் முனை பல்லில் சிக்கிக் கிழியும். துணி பிரிவது எப்போதும் முதுகுப் பக்கத் திருப்பத்தில்தான். வீட்டில் வைத்து வாசிக்க மட்டும் என்றால் ஜிப்புக்குக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை.

விரல்வெட்டு, அதாவது ஓரத்தில் புத்தகப் பெயர் போட்ட தம்ப் இன்டெக்ஸ், வசனம் தேடிப் பழகாத பிள்ளைகளுக்கு உண்மையிலேயே உதவும். தாளையே அரைவட்டமாக வெட்டிச் செய்தது நிலைக்கும். ஒட்டுகிற ஸ்டிக்கர் வகை ஒரு கோடைக்குள் கழன்று பக்கத்துத் தாளில் ஒட்டிக்கொள்ளும். அடையாள நாடா ஒன்று இருந்தால் போதாது, இரண்டாவது இருக்க வேண்டும்: பழைய ஏற்பாட்டுக்கு ஒன்று, புதிய ஏற்பாட்டுக்கு ஒன்று. நாடா நுனி பிரிந்தால் நெருப்புக்குச்சியை அருகில் காட்டி ஒரு நொடியில் எடுத்துவிடுங்கள், நைலான் நூல் உருகி ஒட்டிக்கொள்ளும்.

இனி உள்ளே இருக்கிற தமிழ். கடையில் பெரும்பாலும் இரண்டு மொழிபெயர்ப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். ஒன்று, இந்திய வேதாகமச் சங்கம் வெளியிடுகிற பழைய திருப்புதல். ஹென்றி பவர் தலைமையிலான குழு செய்து 1871-ல் வெளிவந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் பெப்ரிஷியஸ் செய்த திருப்புதலின் சாயல் அதில் நிறைய உண்டு. சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே சபைகளில் பிரசங்க மேடையிலும் மனப்பாடத்திலும் புழங்குவது இதுதான். மற்றொன்று, கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து செய்து 1995-ல் வந்த திருவிவிலியம். கத்தோலிக்கப் பதிப்பில் 73 புத்தகங்கள் இருக்கும், பழைய திருப்புதலில் 66. தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, மக்கபேயர் இரண்டு நூல்கள் ஆகிய ஏழும்தான் அந்த வித்தியாசம். அதோடு எஸ்தர், தானியேல் நூல்களில் கூடுதல் பகுதிகளும் வரும்.

சத்தமாக வாசிப்பதற்குப் பழைய திருப்புதலைத் தாண்டிய ஒன்று எனக்குத் தெரிந்து தமிழில் இல்லை. ‘கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்; நான் தாழ்ச்சியடையேன்’ என்ற வரியை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நடுவில் வருகிற அரைப்புள்ளியில் மூச்சு தானாக நிற்கும். சங்கீதம் முழுக்க இந்த அரைப்புள்ளிதான் வாசிப்பவருக்கு வழிகாட்டி. அங்கே நிறுத்தி வாசித்தால் முதல் பாதியும் இரண்டாம் பாதியும் ஒன்றுக்கொன்று பதில் சொல்வது காதுக்கே கேட்கும். வாக்கிய ஓட்டத்தைக் கவனிக்காமல் வேகமாக வாசிப்பவர்கள் இந்தக் குறிகளை மிதித்துக்கொண்டு போவதால்தான் வேத வாசிப்பு பட்டியல் ஒப்பிப்பதுபோல ஆகிறது.

அதன் கஷ்டங்களையும் சொல்ல வேண்டும். சொற்கள் புணர்ந்து நீளமாக வரும், வடசொல் அதிகம், பேசுபவர் யார் என்று காட்ட மேற்கோள் குறி கிடையாது. தீர்க்கதரிசிகளின் புத்தகங்களில் கர்த்தர் பேசுவது எங்கே முடிகிறது, தீர்க்கதரிசி பேசுவது எங்கே தொடங்குகிறது என்று பிள்ளைகளுக்குப் பிடிபடாது. ஒவ்வொரு வசனமும் தனிப் பத்தியாக அச்சாகியிருப்பதால், பவுலின் நீண்ட வாதம் தனித்தனிப் பொன்மொழிகள் மாதிரி தோன்றிவிடும். திருவிவிலியத்தில் இந்தக் குறைகள் இல்லை. உரைநடை பத்தியாக ஓடும், கவிதை கவிதை வரியாக நிற்கும், இடையில் சிறுதலைப்புகள் வரும், அடிக்குறிப்புகள் இருக்கும். முதல் முறை பைபிளைத் திறக்கிற ஒருவருக்கும், தமிழ் வழியில் படிக்காத பிள்ளைகளுக்கும் நான் இதைத்தான் கையில் கொடுப்பேன்.

இரண்டையும் ஒரே வீட்டில் வைத்திருப்பது நல்லது. ஆனால் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு வசனமாக வாசிக்கும்போது கலக்கக் கூடாது. ஒருவர் ‘கர்த்தர்’ என்று விட்ட இடத்தில் அடுத்தவர் ‘ஆண்டவர்’ என்று தொடங்கினால் கேட்கிறவர்களின் கவனம் வசனத்தைவிட்டு வித்தியாசத்துக்குப் போய்விடும். கத்தோலிக்கரும் சி.எஸ்.ஐ.காரரும் சம்பந்தம் செய்துகொண்ட வீடுகளில் புத்தகப் பெயர்களிலேயே முதல் குழப்பம் வரும். ஆதியாகமம் அங்கே தொடக்க நூல், நாளாகமம் குறிப்பேடு, சங்கீதம் திருப்பாடல்கள், பிரசங்கி சபை உரையாளர், அப்போஸ்தலருடைய நடபடிகள் திருத்தூதர் பணிகள். ஒரு துண்டுத் தாளில் இரண்டு பெயர்களையும் எதிரெதிரே எழுதி அட்டைக்குள் வைத்துவிட்டால் தேடுகிற நேரம் மிச்சம். அன்றைய பகுதியைப் பழைய திருப்புதலில் ஒருவர் சத்தமாக வாசிக்க, அதே பகுதியைத் திருவிவிலியத்தில் இன்னொருவர் மறுபடி வாசித்தால் விளக்கமே தேவைப்படாத நாட்கள் உண்டு. நெகேமியா 8-ல் எஸ்றாவோடு இருந்த லேவியர் செய்தது இந்த வேலையைத்தான்: தீர்க்கமாக வாசித்தார்கள், அர்த்தம் சொன்னார்கள், கேட்டவர்களுக்கு விளங்கவைத்தார்கள்.

வாசிப்புக் கணக்குக்கு வருவோம். 66 புத்தகங்களில் 1189 அதிகாரங்கள்: பழைய ஏற்பாட்டில் 929, புதிய ஏற்பாட்டில் 260. வாரநாளில் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று வாசித்தால் ஒரு வருஷத்தில் முடிந்துவிடும். தனி வாசிப்புக்கு இது நல்ல ஏற்பாடு. குடும்ப ஜெபத்துக்கு இதைக் கொண்டுவந்தால் பிப்ரவரியில் லேவியராகமத்தில் வண்டி நின்றுவிடும். எண்ணாகமம் 7-ல் 89 வசனங்கள், பன்னிரண்டு கோத்திரத் தலைவர்களும் கொண்டுவந்த ஒரே மாதிரியான காணிக்கைகள். அதைக் கேட்டுக்கொண்டு ஏழு வயதுப் பிள்ளை விழித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. வீட்டுக்கு ஏற்றது புதிய ஏற்பாட்டில் வாரம் ஐந்து அதிகாரம். 52 வாரத்துக்கு 260, கச்சிதமாக முடியும். சனி, ஞாயிறு விட்டுப்போனதை ஈடுகட்ட. அதோடு தினம் ஒரு சங்கீதம். 150 சங்கீதங்களையும் முடித்துவிட்டு மறுபடி தொடங்கலாம். சங்கீதம் 119-க்கு மட்டும் விதிவிலக்கு: 176 வசனங்களும் எட்டு எட்டாக 22 பகுதிகளாக இருப்பதால் 22 நாளுக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். நீதிமொழிகளில் 31 அதிகாரம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் காலையில் தேதிக்கு ஒன்றாகத் தாங்களே வாசிக்க அதைக் கொடுத்துவிடலாம்.

மொத்த ஜெபமும் பதினைந்து, இருபது நிமிஷத்துக்குள் இருந்தால்தான் தினமும் நடக்கும். ஒரு கீர்த்தனையோ பாமாலையோ இரண்டு சரணம், சங்கீதம், அதிகாரம், ஒரு நிமிஷம் மௌனம், பெரியவர் ஒருவரும் பிள்ளை ஒருவரும் ஜெபம், கடைசியில் எல்லாரும் சேர்ந்து பரமண்டல ஜெபம். பெரும்பாலான வீடுகளில் நேரத்தைத் தின்பது வேத வாசிப்பு அல்ல, ஒரே ஆள் பண்ணுகிற நீண்ட ஜெபம். பரீட்சை, காய்ச்சல், வெளியூர் போன அண்ணன் என்று பிள்ளைகள் பெயர் சொல்லி இரண்டு வரி ஜெபிக்கட்டும். ஆளுக்கொரு வசனம் வாசிக்கும்போது முன்கூட்டியே நீளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். எஸ்தர் 8:9 எழுத்துக்கூட்டுகிற பிள்ளையின் முறையில் வந்தால் பாவம். அன்றைக்கு சங்கீதம் 117 இருந்தால் இரண்டே வசனம், அதை முழுவதும் அந்தப் பிள்ளைக்கே கொடுக்கலாம்.

பாயில் உட்கார்ந்து வாசிக்கிறவர்கள் பைபிளை மடியில் படுக்கவைத்துக் கழுத்தைக் குனிந்தால் பத்து நிமிஷத்தில் குரல் உள்ளே போய்விடும். மடக்குப் பலகையோ, ஒரு தலையணையோ வைத்துச் சாய்வாக நிறுத்துங்கள். டியூப்லைட் வாசிப்பவரின் முதுகுக்கு மேலே பக்கவாட்டில் இருக்கட்டும். நேர் எதிரே இருந்தால் மெல்லிய தாள் பளபளத்து எழுத்தை மறைக்கும்.

புதுவருஷ ஆராதனையில் கொடுக்கிற வாக்குத்தத்த அட்டையும், மேசைமேல் வைக்கிற வாக்குத்தத்தப் பெட்டியும் பல வீடுகளில் பைபிளின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. ஒரு வசனத்தை நாள் முழுக்க நினைவில் வைக்க அவை உதவும், மறுக்கவில்லை. ஆனால் அட்டையில் வருகிற எரேமியா 29:11-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சமாதானத்துக்கான நினைவுகளைப் பற்றிய அந்த வாக்கு, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. அதற்கு முந்தின வசனத்தில் எழுபது வருஷம் என்று வருகிறது. அதற்கும் முன்னால், அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்துக்காக ஜெபம் பண்ணுங்கள் என்று இருக்கிறது. வேலை கிடைக்காமல் வருஷக்கணக்கில் காத்திருக்கிற ஒருவருக்கு, அட்டையில் இருக்கிற ஒரு வரியைவிட அந்த அதிகாரம் முழுவதும் பலமாகத் தாங்கும். அட்டை வைத்திருப்பவர்கள் அதன் பின்பக்கத்தில் அதிகார எண்ணை எழுதி, அன்று இரவு ஜெபத்தில் முழு அதிகாரத்தையும் வாசித்துவிடுங்கள்.

ரெஃபரன்ஸ் பைபிள், விளக்க உரை பைபிள் இரண்டும் ஞாயிறு பள்ளி ஆசிரியருக்கும் பிரசங்கம் பண்ணுகிறவருக்கும் நல்லவை. குடும்ப ஜெபத்துக்கு எடை அதிகம், எழுத்து சின்னது. அடியில் இருக்கிற குறிப்பை வாசிக்கத் தொடங்கினால் வசனம் பின்னால் போய்விடும். தமிழ்–ஆங்கில இருமொழிப் பதிப்பு வெளிநாட்டில் வளர்கிற பிள்ளைகளுக்கு வாங்கலாம். ஆனால் இரண்டு பத்திகளும் நேருக்கு நேர் நிற்கின்றனவா என்று நீண்ட அதிகாரம் ஒன்றில் பார்த்துவிட்டு வாங்குங்கள். கைப்பேசியில் யூவெர்ஷன் போன்ற செயலிகளில் பழைய திருப்புதல் இலவசமாகவே கிடைக்கிறது. எழுத்தை எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கலாம், படுக்கையில் இருக்கிற பெரியவர்களுக்கு ஒலிப்பதிவு பெரிய உதவி. வாசிக்கும்போது ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் வாட்ஸ்அப் வந்து நிற்கும்.

வசனத்தில் கோடு போடுகிறவர்களுக்கு: ஈர மை ஹைலைட்டர் மெல்லிய தாளில் ஊறிப் பின்பக்கம் வந்துவிடும். ஜெல் பேனா காய்வதற்குள் எதிர்ப்பக்கத்தில் அச்சு விழும். பால்பாயின்ட் அழுத்தினால் பின்பக்கம் புடைக்கும். மெதுவான கலர் பென்சில் போதும். மஞ்சளும் இளம்பச்சையும் எழுத்தை மறைக்காது.

மழைக்காலத்தில் தாள் அலை அலையாக வளையாமல் இருக்க, சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்காதீர்கள். ராமபாணப் பூச்சிக்கு அந்துருண்டையை அலமாரி மூலையில் வைக்கலாம், தாளுக்குள் வைத்தால் கறை படும். மெழுகுவர்த்தி சொட்டிவிட்டால் உடனே துடைக்க வேண்டாம். இறுகிய பிறகு நகத்தால் பெயர்த்துவிட்டு, மேலும் கீழும் பிரவுன் தாள் வைத்து மிதமான சூட்டில் அயர்ன் பாக்ஸை லேசாக ஒற்றினால் மிச்ச மெழுகைத் தாள் உறிஞ்சிக்கொள்ளும்.

தைத்த பைபிளின் அட்டை போய்விட்டால் தூக்கிப் போடத் தேவையில்லை. பைண்டிங் கடையில் புது அட்டை போட்டுக் கொடுப்பார்கள். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்: முதுகை மெஷினில் வெட்டக் கூடாது. நேரம் மிச்சம் என்று சிலர் முதுகை வெட்டிப் பசை போட்டுவிடுவார்கள். நூல் போய்விடும், உள்மார்ஜின் குறுகி வரியின் முனை மடிப்புக்குள் புகுந்துவிடும். பழைய பசையைச் சுரண்டி, முதுகில் வலைத்துணி ஒட்டி, புது அட்டை போடச் சொல்லுங்கள். பிரிந்த ஃபாரம் இருந்தால் அதை மட்டும் மறுபடி தைத்தால் போதும். பிறப்பு, ஞானஸ்நானம், திருமணம் எழுதிவைத்த குடும்பப் பதிவேட்டுப் பக்கம் பெரும்பாலும் அட்டையை ஒட்டியே இருக்கும். அதைப் பழைய அட்டையோடு சேர்த்து எறிந்துவிடாமல் திருப்பித் தரச் சொல்ல மறக்காதீர்கள்.

விலையைப் பொறுத்தவரை, வேதாகமச் சங்கத்தின் சாதாரணப் பதிப்புகள் நன்கொடையின் உதவியால் குறைந்த விலையில் கிடைக்கின்றன. அட்டையில் மிச்சம் பிடித்து எழுத்தில் செலவு செய்யுங்கள்: தங்க ஓரம் போட்ட சின்ன எழுத்துப் பதிப்புக்குக் கொடுக்கிற பணத்துக்கு, பல நேரம் சாதாரண அட்டையில் பெரிய எழுத்துப் பதிப்பே வந்துவிடும். திருமணத்துக்குப் பரிசு வாங்குகிறவர்களுக்கும் இதே யோசனைதான். பணம் கொடுப்பதற்கு முன் நான்கு இடத்தைப் புரட்டிவிடுங்கள்: ஆதியாகமத்தின் தொடக்கம், சங்கீதம் 119, மல்கியா முடிந்து மத்தேயு தொடங்குகிற இடம், வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசிப் பக்கம். பிறகு பக்க எண்களை மட்டும் கட்டுக்குக் கட்டு ஓட்டிப் பாருங்கள். ஒரு ஃபாரம் இரண்டு முறை வந்து இன்னொன்று விடுபடுவது அச்சில் நடக்கக்கூடிய தவறு. பில் இருந்தால் கடையில் மாற்றிக் கொடுப்பார்கள், ஆனால் முதல் பக்கத்தில் பெயர் எழுதிவிட்டால் மாற்ற மாட்டார்கள். அதனால் புரட்டிப் பார்த்த பிறகு பெயர் எழுதுங்கள்.